வெள்ளெழுத்து

அன்புள்ள மகனுக்கு,

நலம். உன் நலமறிய அவா. அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. வேறு செய்தி எதுவும் இல்லை. கண் மருத்துவரைப் பார்த்தாயா என்று கேட்பதற்காகவே எழுத உட்கார்ந்தேன். சென்ற முறை நீ வந்திருந்தபோது செய்தித்தாளைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படித்ததைக் கவனித்தேன். சிறு வயதிலிருந்தே மெல்ல மெல்ல இறுகிவரும் கண்ணின் வில்லை, நாற்பதைத் தாண்டியதும் அருகில் இருப்பதைக் குவித்துக் காட்ட முடியாத அளவுக்கு நெகிழ்ச்சியை இழந்துவிடுகிறது. அதுதான் வெள்ளெழுத்து. அது நோய் அன்று. ஆனால் அதை ஒப்புக்கொள்ளாமல் இரண்டு மூன்று ஆண்டுகள் தலைவலியோடு திரிவது நம் குடும்ப வழக்கம். நீயாவது அந்த வழக்கத்தை விட்டுவிடு.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக, "எல்லாம் நன்றாக இருக்கிறது, அப்பா" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிடுகிறாய். நன்றாக இருப்பவர்கள் அதை அத்தனை விரைவாகச் சொல்லி முடிப்பதில்லை. அலுவலகத்திலிருந்து வந்ததும் விளக்கைக்கூடப் போடாமல் நெடுநேரம் உட்கார்ந்திருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். யார் சொன்னது என்று வீட்டில் விசாரிக்காதே. உன் உழைப்பில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பதினெட்டுப் பேரை நடத்திச் செல்லும் பொறுப்பில் என் மகன் இருக்கிறான் என்று நான் சொல்லாத உறவினர் கிடையாது. அந்தப் பெருமையே உனக்குச் சுமையாகியிருக்கலாம் என்று இப்போதுதான் தோன்றுகிறது. என்றாலும், சுமையாக இருக்கிறது என்று பெற்றவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

உன்னை நினைத்துக்கொண்டு நூலகத்தில் சிலவற்றைப் படித்தேன். நடுவயது நெருக்கடி என்ற தொடரை 1965இல் ஒரு கட்டுரையின் வழியே உலகறியச் செய்த எலியட் ஜாக் என்பவருக்கு அப்போது 48 வயது, உன் வயதுதான். கலைஞர்களின் வாழ்க்கையை ஆராய்ந்த அவர், முப்பதுகளின் நடுவிலேயே பலருடைய படைப்பு நின்றுபோவதையோ திசைமாறுவதையோ கண்டு, மரணம் தனக்கும் உண்டு என்பதை மனிதன் உள்ளபடி உணரத் தொடங்கும் காலம் அது என்று விளக்கினார். எனக்கு நெருக்கடி என்ற சொல்லில் உடன்பாடு இல்லை. நான் பார்த்தவரையில் பெரும்பாலோருக்கு அது ஆரவாரத்தோடு வருவதில்லை. குளத்து நீர் போல அசைவற்று நின்றுவிடுகிறது. எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர் 1950இல் மனித வாழ்வை எட்டுப் பருவங்களாக வகுத்தபோது, ஏழாவது பருவத்தில் ஒரு பக்கம் அடுத்த தலைமுறையை ஆளாக்கும் அக்கறையையும் மறுபக்கம் தேக்கம் என்ற சொல்லையுமே வைத்தார். புதியதை விரைந்து பிடித்துக்கொள்ளும் அறிவு இளமையிலேயே உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கினாலும், அனுபவத்தில் திரண்ட அறிவு அதன் பிறகும் பல்லாண்டுகள் வளரக்கூடியது என்பதை ரேமண்ட் கேட்டல் என்ற உளவியலாளர் பிரித்துக் காட்டியிருக்கிறார். ஆகவே உன்னிடம் வேலை பார்க்கும் இளைஞர்களோடு வேகத்தில் போட்டியிடாதே, நேரத்துக்குத் தூங்கு, கண்ணைக் காட்டு.

இவ்வளவு படித்தும், எழுத வேண்டிய ஒன்றை எழுதாமல் சுற்றிக்கொண்டிருக்கிறேன். உ.வே.சாமிநாதையர் தம் வரலாற்றை வார இதழில் எழுதத் தொடங்கியது 1940இல், 85 வயதை எட்டும் தறுவாயில். அது முடிவதற்குள் 1942இல் அவர் மறைந்துவிட்டார். எனக்கு 77 வயதாகிறது; என் வரலாற்றில் ஒரே ஒரு பக்கத்தை உன்னிடம் சொல்வதற்கு இத்தனை தயக்கம்.

நீ பள்ளி இறுதித் தேர்வு எழுதிய ஆண்டில்தான், எனக்கு வரவேண்டிய பதவி என்னைவிட 11 ஆண்டுகள் இளையவர் ஒருவருக்குப் போயிற்று. அப்போது எனக்கு 46 வயது. அம்மாவிடம்கூடச் சொல்லாமல் ஏறக்குறைய ஓர் ஆண்டு வீட்டில் தேவைக்கு மேல் ஒரு சொல்லும் பேசாமல் இருந்தேன். உன் மதிப்பெண்கள் குறைந்ததனால்தான் அப்பா பேசவில்லை என்று நீ எண்ணிக்கொண்டாய். ஓர் இரவு கதவோரமாக நின்று, "அடுத்த முறை நன்றாக எழுதுகிறேன், அப்பா" என்றாய். அது காரணமே இல்லை என்று அந்த நொடியே சொல்லியிருக்க வேண்டும். நான் தலையை மட்டும் அசைத்தேன். என் தோல்வியை விட உன் தோல்வி காரணமாக இருப்பது எனக்கு வசதியாக இருந்தது. அதன் பிறகு நீ ஒரு தேர்விலும், ஒரு வேலையிலும், எங்கும் பின்தங்கியதே இல்லை. அதைத்தான் நான் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தத் தேக்கத்திலிருந்து நானாக மீளவில்லை. என் இடத்துக்கு வந்தவரே ஒரு மாலை பழைய கோப்பு ஒன்றைக் கொண்டுவந்து, இதற்குக் குறிப்பு எழுதுவது எப்படி என்று கேட்டார். இரண்டு நாள் இழுத்தடித்தேன். மூன்றாம் நாள் சொல்லிக்கொடுத்தேன். பிறகு அவரோடு மற்றவர்களும் வரத் தொடங்கினார்கள். ஓய்வுபெறும் நாள்வரை, கோப்புகளைவிட அவர்களுக்காகவே அலுவலகம் போனேன் என்று சொல்லலாம். அப்போது எனக்கு ஞானம் வந்துவிடவில்லை. கேட்டவர் விடாமல் கேட்டார், அவ்வளவுதான். அந்த அக்கறையில் ஒரு பங்கைக் கதவோரம் நின்றவனுக்கு நான் கொடுக்கவில்லை. எனக்கும் அப்போது வெள்ளெழுத்து வந்திருந்தது. கண்ணாடி வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நீ வேலையை விட எண்ணுகிறாயா, வேறு ஏதேனும் வருத்தமா என்று எனக்குத் தெரியாது. விடு என்றோ விடாதே என்றோ சொல்ல நான் தகுதியானவன் அல்லன். ஆனால் எந்த முடிவையும் இருட்டில் தனியாக உட்கார்ந்து எடுக்காதே. உன் மனைவியிடம் பேசு. முக்கியமாக உன் மகளிடம் பேசு. அவளுக்கு 17 நடக்கிறது, இது தேர்வு ஆண்டும்கூட. நீ பேசாமல் இருப்பதற்கு அவள் என்ன காரணம் நினைத்துக்கொண்டிருக்கிறாளோ, அதைக் கேட்டுத் தெரிந்துகொள். என்னிடம் எதுவும் சொல்லாவிட்டாலும் சரி, அவளிடம் இந்த வாரமே சொல்லிவிடு. கண் மருத்துவரை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டும் என்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை அழைக்கும்போது "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று நீ சொல்லி முடித்தாலும், நான் தொலைபேசியை உடனே வைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
அப்பா