விண்கப்பல் மாதிரிகள்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை உறுப்பினர்களே, அண்ணன்மார்களே, அக்காமார்களே, தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

விண்கப்பல் மாதிரிகள் கட்டும் நம் சங்கத்தின் செயலவை இந்த ஆண்டும் மாதந்தோறும் பாலாய் ராயாவில், அதாவது ஊர்ப் பொது மண்டபத்தில், கூடியது. சந்தா பெரும்பாலும் வந்துசேர்ந்துவிட்டது. சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டிய படிவங்களை அனுப்பிவிட்டோம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

சரி, கப்பலுக்கு வருகிறேன். கடையில் வாங்கிய கிட்டை, அதாவது ஒட்டிச் சேர்க்கும் மாதிரித் துண்டுகளின் பெட்டியை, ஒட்டி வர்ணம் அடிப்பதோடு நிற்காமல், நாமே ஒரு விண்கப்பலை வடிவமைத்துக் கட்டுவது என்று சென்ற ஆண்டுக் கூட்டத்தில் தீர்மானித்தோம். கட்டிவிட்டோம். இதோ மேடையில் இருக்கிறது.

தொடக்கக் கூட்டங்கள் அளவு விகிதம் பற்றிய வாக்குவாதத்திலேயே போயின. நேரம் வீணாகிறது என்று சிலர் வருத்தப்பட்டார்கள். என்னைக் கேட்டால், இந்த ஆண்டின் முக்கியமான வேலையே அதுதான். ஸ்டார் டிரெக் தொடரின் எண்டர்பிரைஸ் கப்பல் கதைப்படி 289 மீட்டர் நீளம். 1/350 விகிதத்தில் கட்டினால் 82 செண்டிமீட்டருக்குச் சற்று மேல். 1/1000 என்றால் 29 செண்டிமீட்டர். 1/72இல் கட்ட ஆசைப்பட்டால் 4 மீட்டர் வந்துவிடும், நம் அலமாரியை இடித்துத்தான் வைக்க வேண்டும். நம் உறுப்பினர்களிடம் ஏற்கனவே 1/1000 கிட்கள் இருப்பதால், பக்கத்தில் வைத்துப் பார்க்க வசதியாக அதையே எடுத்துக்கொண்டோம். இந்த விகிதத்தில் ஒரு மனிதனின் உயரம் 2 மில்லிமீட்டர்கூட வராது. ஒரு மீட்டர் அகல ஜன்னல் ஊசித் துளை அளவுதான். அதைப் பெரிதாகப் போட்டுவிட்டால் கப்பல் அந்தக் கணமே பொம்மையாகிவிடும்.

அடுத்து வடிவம். பிறர் எப்படி யோசித்தார்கள் என்று முதலில் படித்தோம். எண்டர்பிரைஸை வடிவமைத்த மேட் ஜெப்ரீஸ் இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானத்தில் பறந்தவர், விமானங்களை நன்கு அறிந்தவர். இவ்வளவு ஆற்றலுள்ள இயந்திரம் ஆட்கள் பக்கத்தில் இருப்பது ஆபத்து என்று எண்ணி அதைக் கைநீளத் தாங்கிகளின் முனைக்குத் தள்ளினார். பழுதுபார்க்க ஆட்கள் வெளியே போகக் கூடாது என்பதால் கருவிகளை உள்ளே வைத்து வெளிப்புறத்தை மழமழப்பாக விட்டார். 1968இல் வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்தின் டிஸ்கவரி கப்பலிலும் இதே நியாயம் உண்டு. முன்னால் உருண்டையில் ஆட்கள், பின்னால் அணு உலை, நடுவே நீண்ட முதுகெலும்பு. விண்வெளியில் காற்று இல்லாததால் வெப்பம் கதிர்வீச்சாக மட்டுமே வெளியேற முடியும், அதற்குப் பெரிய தகடுகள் வேண்டும். பார்ப்பவர்கள் இறக்கை என்று நினைத்துவிடுவார்கள் என்று டிஸ்கவரியில் அவற்றை விட்டுவிட்டார்கள். நாம் விடவில்லை. பிஸ்கட் டின் தகட்டை வெட்டி, அனைத்துலக விண்வெளி நிலையத்தில் இருப்பதுபோல் வெள்ளை அடித்துப் பொருத்தியிருக்கிறோம்.

நம் கப்பலின் நடுவில் இருக்கும் வளையத்தைப் பலர் கேட்டார்கள். வளையம் சுற்றினால் உள்ளே இருப்பவர்கள் வெளி விளிம்பை நோக்கி அழுத்தப்படுவார்கள், அதுவே எடையாக உணரப்படும். நிமிடத்துக்கு 2 சுற்று என்றால், பூமியில் உள்ள அதே எடை கிடைக்க ஆரம் சுமார் 224 மீட்டர் வேண்டும். வேகத்தைக் கூட்டினால் சிறிய வளையம் போதும், ஆனால் தலைசுற்றல் வரும். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு என்ன கிடைக்கும் என்று தேடியபோது, ஒரு தம்பி வீட்டுக் கொட்டகையிலிருந்து 20 அங்குலச் சைக்கிள் ரிம்மைக் கொண்டுவந்தான். குறுக்களவு 42 செண்டிமீட்டர். 1/1000இல் அது 420 மீட்டர், ஆரம் 210. பூமியின் ஈர்ப்பில் 94 விழுக்காடு கிடைக்கிறது. அன்று கூட்டத்தில் எழுந்த கைத்தட்டலை இந்த அறிக்கையில் பதிவு செய்ய விரும்புகிறேன்.

ரிம்மின் வெளி விளிம்பில் ஜன்னல் துளை போடத் தயாரானபோது படிவம் நான்கு படிக்கும் தங்கை ஒருத்தி தடுத்தாள். வெளி விளிம்புதானே உள்ளே இருப்பவர்களுக்குத் தரை, தரையில் ஏன் வரிசையாக ஜன்னல் என்று கேட்டாள். துளைகள் பக்கச் சுவர்களுக்கு மாறின. இப்படி ஒரு கேள்வி வருவதற்குத்தான் இந்தச் சங்கம் இருக்கிறது.

முதுகெலும்பு பிவிசி குழாய். இயந்திரத்தின் பின்வாய்க்குப் பால்மரத்து மங்குகள், அதாவது ரப்பர் மரத்துப் பால் பிடிக்கும் கிண்ணங்கள். இப்போது சுற்றிலும் செம்பனைதான் என்றாலும் பழைய மங்குகள் பல வீடுகளில் இன்னும் கிடக்கின்றன. அதன் வளைவு ராக்கெட் வாய்க்கு அப்படியே பொருந்துகிறது. விளக்குக்கு 9 வோல்ட் மின்கலம். வெள்ளை எல்இடிக்கு 3 வோல்ட் போக, மீதிக்கு ஒவ்வொன்றுக்கும் 330 ஓம் மின்தடை. குழாய்க்குள் முதலில் கறுப்பு அடித்துவிட்டு அப்புறம் வெள்ளை அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் சுவர் முழுதும் மின்மினிபோல் ஒளிரும்.

ஒரு கருத்து வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். இளைஞர்கள் சிலர் உடைந்த பிரிண்டர் பற்சக்கரம், கைப்பேசிப் பலகை, மாத்திரை அட்டை என்று கிடைத்ததையெல்லாம் ஒட்டத் தொடங்கினார்கள். ஸ்டார் வார்ஸ் படத்துக்கு அப்படித்தானே செய்தார்கள் என்பது அவர்கள் வாதம். உண்மைதான். 1977இல் வந்த அந்தப் படத்தின் கப்பல்களில் டாங்கி, விமானம், கார் கிட்களின் துண்டுகள் நிறைய உண்டு. ஆனால் வடிவம் முதலில் தீர்மானமான பிறகே அந்தத் துண்டுகள் வந்தன. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வேலை சொல்ல வேண்டும்: இது எரிபொருள் குழாய், இது வேறு கப்பல் வந்து இணையும் வாசல் என்று. சொல்ல முடியாவிட்டால் பிடுங்கிவிட வேண்டும். கைப்பேசிப் பலகை கப்பலில் ஒட்டினாலும் கைப்பேசிப் பலகையாகவேதான் தெரியும். செயலவை இதை விதியாகவே ஏற்றுக்கொண்டது.

அக்டோபர், நவம்பர் மழையில் வர்ண வேலை மிகவும் சிரமப்பட்டது. ஸ்பிரே வர்ணத்தில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் அதிகமிருந்தால் அது வர்ணத்தில் படிந்து வெள்ளை பூத்துவிடும். வெயில் உள்ள முற்பகலில் மட்டுமே அடிப்பது என்று மாற்றிக்கொண்ட பிறகு சரியானது. வெள்ளை போம் (தெர்மோகோல்) பயன்படுத்துகிறவர்கள் ஸ்பிரேக்கு முன் வெள்ளைப் பசை பூசிக் காயவிடுங்கள். நேரடியாக அடித்தால் கரைப்பான் போமைத் தின்றுவிடும். மாணவர் பட்டறையில் ஒரு பிள்ளையின் கப்பல் அப்படிக் குழிந்துபோனது. அவன் அதையே விபத்துக்குள்ளான கப்பலாக மாற்றிக் காட்சிக்கு வைத்தான்.

தமிழ்ப்பள்ளிக் கண்காட்சிக்குப் பெற்றோர் நிறைய வந்தார்கள். எங்கே வாங்கினீர்கள் என்பதே அதிகம் கேட்ட கேள்வி. முன்பு ரப்பர் பால் வெட்டிய பாட்டிமார் அந்த மங்குகளைக் கண்டுபிடிக்க ஒரு நொடிகூட ஆகவில்லை. கப்பலைச் சுற்றி வந்து பார்த்தவர்களுக்கு இரு பக்கமும் ஒன்றுபோல் முடிந்திருந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், எண்டர்பிரைஸின் 11 அடிப் படப்பிடிப்பு மாதிரிக்கே இடப்பக்கம் முழுமையாக இல்லை. மின்கம்பிகள் அந்தப் பக்கம் வழியாகப் போனதால் வலப்பக்கத்தையே படம்பிடித்தார்கள். அந்த மாதிரி 1974இல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கப்பட்டு, 2016இல் சீரமைக்கப்பட்டு இன்றும் அங்கே இருக்கிறது. கேமராவுக்கு அது போதும். நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லாப் பக்கமும் வந்து பார்ப்பார்கள்.

இந்த ஆண்டு நாம் அனைவரும் பிட்டர் அண்ணன் என்று அழைத்த மூத்த உறுப்பினரை இழந்தோம். தோட்டப் பட்டறையில் வேலை பார்த்தவர். அரம் பிடிக்கும் முறையை நம்மில் பாதிப் பேருக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அவருடைய கருவிப் பெட்டியைக் குடும்பத்தார் சங்கத்துக்கே கொடுத்துவிட்டார்கள். அவர்களுக்கு நம் நன்றி. கூட்டம் எழுந்து நின்று அஞ்சலி செலுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வரும் ஆண்டுக்கு இரண்டு பரிந்துரைகள். வளையத்தை உண்மையிலேயே நிமிடத்துக்கு 2 சுற்று சுற்றவைக்க கியர் மோட்டார் வாங்க வேண்டும். வளையத்துக்குள் விளக்கு இருப்பதால் கம்பி முறுக்கிக்கொள்ளாமலிருக்க ஸ்லிப் ரிங்கும், அதாவது சுற்றும் பாகத்துக்கு மின்சாரம் கடத்தும் இணைப்பும், வேண்டும். முப்பரிமாண அச்சு இயந்திரம் வாங்கலாம் என்ற கோரிக்கையை நான் ஆதரிக்கிறேன், ஆனால் அதற்கு முன் ஒரு வரைபட வகுப்பு நடத்த வேண்டும். மேல், பக்கம், முன் என்று மூன்று தோற்றங்களை அளவோடு காகிதத்தில் வரையத் தெரிந்தவர் கையில் அந்த இயந்திரம் பெரிய உதவி.

மண்டபம் தந்தவர்களுக்கும், ஒவ்வொரு கூட்டத்துக்கும் தேநீரும் பலகாரமும் கொண்டுவந்த மகளிர் பிரிவுக்கும் நன்றி. இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி பொதுக்கூட்டத்தைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
சுங்கை சிப்புட், பேராக்