பூசி மெழுகுவது புனரமைப்பல்ல

ஆசிரியருக்கு,

சிகிரியா ஓவியங்கள் மீது 1967 இல் விஷமிகள் பச்சைச் சாயம் பூசி நாசம் செய்தனர். அவற்றை மீட்க இத்தாலிய நிபுணர் லூசியானோ மரன்சி வந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் டி. ஏ. எல். பெரேரா வரைந்த பிரதிகள் கொழும்பு தேசிய நூதனசாலைக்குச் சொந்தமானவை. சேதத்துக்கு முந்தைய நிலைக்கு அவை சாட்சி.

சிதைந்த சுவரோவியத்தைக் காட்சிக்கு வைக்கும்போது, உதிர்ந்த இடத்தையெல்லாம் வரைந்து நிரப்பிவிட வேண்டும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ரோமில் உருவான முறையில், இழந்த பகுதியை மெல்லிய நிலைக்குத்துக் கோடுகளால், நீர்வர்ணத்தில் நிரப்புவார்கள். தள்ளி நின்றால் ஓவியம் முழுமையாகத் தெரியும். கிட்டப் போனால் பழையது எது, புதியது எது என்பது புலப்படும். பின்னாளில் தேவையானால் அகற்றவும் முடியும். நமது கோயில்கள் பலவற்றிலோ, கும்பாபிஷேகம் என்றதும் பெயின்ட் வாளிதான் முதலில் வந்து இறங்குகிறது!

மூலப்பகுதி எது, பின்னர் சேர்த்தது எது என்று காட்டும் படத்தையும், திருத்துவதற்கு முன் எடுத்த புகைப்படத்தையும் மும்மொழி விளக்கத்தோடு ஓவியத்தின் அருகிலேயே வைக்குமாறு நூதனசாலைகளின் பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.