ஃபார்மட்டில் இல்லை, ஷட்டரில் இருக்கிறது

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் கேமராக்கள் பற்றி வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். 'மீடியம் ஃபார்மட் கேமராவில் எந்த ஷட்டர் வேகத்திலும் ஃப்ளாஷ் போடலாம்' என்ற வரி மட்டும் உறுத்தியது. (மீடியம் ஃபார்மட் என்றால் வழக்கமான 35 மில்லிமீட்டரைவிடப் பெரிய ஃபிலிமோ சென்சாரோ உள்ள கேமரா.) கும்பகோணத்தில் முப்பத்தோரு வருஷம் ஸ்டுடியோ வைத்திருந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

அந்த வசதி ஃபிலிமின் அளவால் வருவதல்ல, லென்ஸுக்குள் இருக்கும் லீஃப் ஷட்டரால் வருவது. அதன் தகடுகள் நடுவிலிருந்து விரிந்து, மறுபடி மூடிக்கொள்ளும். வேகத்தை 500-இல், அதாவது நொடியில் 500-இல் ஒரு பங்கில், வைத்தாலும் ஒரு கணம் முழுசாகத் திறந்துதான் மூடும். அப்போது ஃப்ளாஷ் அடித்தால் படம் முழுக்க வெளிச்சம் விழும். ஃபிலிமுக்கு முன்னால் திரை ஓடுகிற ஃபோகல் பிளேன் ஷட்டரில் அப்படி இல்லை. வேகத்தைக் கூட்டினால் ஒரு கீற்று மட்டும் நகர்ந்து போகும். ஃப்ளாஷ் அந்தக் கீற்றில் பட்டதோடு சரி, மீதி இருட்டு. பென்டாக்ஸ் 67-உம் மீடியம் ஃபார்மட்தான்; லீஃப் ஷட்டர் இல்லாத சாதாரண லென்ஸ் போட்டால் 30-க்கு மேல் ஃப்ளாஷ் ஒத்துவராது. இன்றைய மீடியம் ஃபார்மட் டிஜிட்டல் கேமராவான ஃபுஜி ஜிஎஃப்எக்ஸில் 125. லீஃப் ஷட்டர் என்றால் ஹாசல்பிளாட் 500சி, மாமியா ஆர்பி67, நான் பல வருஷம் கழுத்தில் மாட்டித் திரிந்த யாஷிகா மேட் 124ஜி.

இதன் அருமை காசி யாத்திரையில் தெரியும். மாப்பிள்ளை குடை பிடித்து வாசலில் நிற்பார். தெருவெல்லாம் வெயில், முகம் மட்டும் குடை நிழலில். 100 ஸ்பீடு ஃபிலிமில் அந்த வெயிலுக்கு 60-இல் எடுத்தால் அபர்ச்சர், அதாவது லென்ஸ் துவாரத்தின் அளவு, 22 வைக்க வேண்டும் (எண் கூடினால் துவாரம் சிறுக்கும்). இரண்டு மீட்டரில் நிற்பவர் முகத்துக்கு 22 அளவு வெளிச்சம் கொடுக்க, கைட் நம்பர் (தூரத்தை அபர்ச்சரால் பெருக்கி வரும் ஃப்ளாஷ் பலத்தின் அளவு) 44 உள்ள ஃப்ளாஷ் முழு பலத்தில் அடிக்க வேண்டும். அதே வெயிலுக்கு 500-இல் 8 போதும். ஃப்ளாஷுக்குக் கைட் நம்பர் 16 இருந்தால் ஆச்சு, எட்டில் ஒரு பங்கு பலம். நிழலில் லேசாக நிரப்பினால் போதும் என்றால் அதுகூட வேண்டாம். சின்ன ஃப்ளாஷை வைத்துக்கொண்டு, அது சார்ஜ் ஆகக் காத்திருக்காமல் அடுத்தடுத்து எடுத்துத் தள்ளலாம்.

இதிலும் நான் ஒருமுறை கோட்டை விட்டிருக்கிறேன். 1988-இல், தெரிந்தவர் ஒருவரிடம் இரவல் வாங்கிய ஹாசல்பிளாடோடு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். அதன் பழைய 80 மில்லிமீட்டர் லென்ஸில் எக்ஸ், எம், வி என்று மூன்று நிலை உள்ள ஒரு நெம்புகோல் உண்டு. எக்ஸ் என்பது எலக்ட்ரானிக் ஃப்ளாஷுக்கு, எம் என்பது ஒருமுறை எரிந்ததும் தீர்ந்துபோகும் பழைய பல்பு ஃப்ளாஷுக்கு. பல்பு உச்ச வெளிச்சத்துக்கு வர ஏறக்குறைய 20 மில்லி நொடி பிடிக்கும் என்பதால், முதலில் பல்பைப் பற்றவைத்து, கொஞ்சம் பொறுத்துத்தான் ஷட்டர் திறக்கும். எலக்ட்ரானிக் ஃப்ளாஷ் அதற்குள் அடித்து முடித்திருக்கும். நெம்புகோல் எம்-இல் இருந்ததை நான் கவனிக்கவில்லை. பன்னிரண்டு படத்திலும் ஃப்ளாஷ் பளிச்சென்று அடித்ததைக் கண்ணால் பார்த்தேன். பிரிண்ட் வந்தபோது குடையும் கறுப்பு, மாப்பிள்ளையும் கறுப்பு. பெண்ணின் அப்பா ஆல்பத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

லீஃப் ஷட்டருக்கும் ஒரு எல்லை உண்டு. விரிந்த தகடு நின்று திரும்ப வேண்டுமே! பழைய லென்ஸ்களில் 500-ஐத் தாண்டுவது அரிது. பெரிய ஸ்டுடியோ ஃப்ளாஷ் முழு பலத்தில் எரியும் நேரம் அதைவிட நீளமாக இருந்தால், 500-இல் அதன் வால் வெட்டுப்படும். ஹாசல்பிளாடின் இப்போதைய எக்ஸ் வகை லென்ஸ்களில் 2000, சிலவற்றில் 4000 வரை போகிறார்கள். எனக்குப் பொறாமைதான்.

இதை எழுதக் காரணம், என்னிடம் தொழில் கற்ற பையன் ஒருவன் உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு, "அண்ணே, ஜிஎஃப்எக்ஸ் வாங்கினா வெயில்ல ஆயிரத்துல ஃப்ளாஷ் போடலாமாம்ல?" என்று போன் செய்தான். கீற்று நகர்ந்து முடியும்வரை ஃப்ளாஷ் விட்டுவிட்டு மின்னும் ஹை ஸ்பீடு சிங்க்கில் போடலாம், ஆனால் பலம் பாதியைவிடக் குறைந்துவிடும். அதை உன்னிடம் இருக்கிற கேமராவே செய்யும் என்றேன். அட்வான்ஸ் கொடுப்பதை இரண்டு வாரம் தள்ளிவைத்திருக்கிறான். அதற்குள் ஒரு திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
பழைய ஸ்டுடியோக்காரர்,
கும்பகோணம்.