ஆரஞ்சு சட்டை நிஞ்சா

அன்புள்ள மாரி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே எழுத உட்கார்ந்தேன். அம்மாவுக்கு முட்டி வலி கூடிப்போய் ஊருக்கும் மதுரைக்குமாக அலைந்ததில் தள்ளிப்போய்விட்டது. இப்போது பரவாயில்லை. கம்பை ஊன்றிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய் முருங்கையைப் பார்த்துவிட்டு வருகிறாள். உன்னைப் பற்றியும் விசாரித்தாள். "அந்தக் கண்ணாடிப் பையன் இன்னும் படம்தான் வரைகிறானா?" என்றாள். ஆமாம் என்றேன். அவளுக்குச் சந்தோஷம்.

நீ எழுதியதில் ஒரு வரி மனதை விட்டுப் போகவே இல்லை. "படம் எடுப்பதற்கு முன்னாலேயே கரித்துக்கொட்டுகிறாய், உன்னை மாதிரி ரசிகர்களுக்கு எதைக் கொடுத்தாலும் பிடிக்காது" என்று எழுதியிருந்தாய். ஜப்பானியக் காமிக்ஸான நருட்டோவை நிஜ நடிகர்களை வைத்து ஹாலிவுட் எடுக்கப்போகிறது என்றதும் நான் முகம் சுளித்ததற்கு இந்தத் திட்டு. லயன்ஸ்கேட் தயாரிப்பு, டெஸ்டின் டேனியல் கிரெட்டன் இயக்கம், அவர் பொருத்தமான ஆள் என்று நருட்டோவைப் படைத்த கிஷிமோட்டோவே சொல்லிவிட்டார், இன்னும் என்னதான் வேண்டும் என்று கேட்டாய். நியாயமான கேள்வி. போனில் "பார்க்கலாம்டா" என்று முடித்துக்கொண்டது என் தப்பு. அதனால்தான் இந்த நீளக் கடிதம்.

சாலிகிராமத்து மாடி அறையை நினைத்துப் பார். 2009. டிராகன் பால் என்ற ஜப்பானியக் கதையை ஹாலிவுட் எடுத்த டிராகன் பால் எவல்யூஷன் டிவிடியை நீதான் வாங்கிவந்தாய். அனிமேஷன் கம்பெனியில் சம்பளம் வராத இரண்டாவது மாதம் அது. ஆறு பேர், ஒரே கம்ப்யூட்டர், ஒரு பாக்கெட் மிக்சர். எல்லோருமே பள்ளிக்கூடம் விட்டதும் பையை வீசிவிட்டு கார்ட்டூன் நெட்வொர்க் முன்னால் உட்கார்ந்து வளர்ந்தவர்கள். நாயகன் கோக்கு அமெரிக்க ஹைஸ்கூல் மாணவனாக, சக பையன்களிடம் கேலிபட்டுக்கொண்டு வந்து நின்றபோது அறையில் யாரும் பேசவில்லை. சிரிக்கக்கூட இல்லை. நீ பாதியில் எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விட்டாய்.

நம் கோக்கு மலைக்காட்டில் தனியாக வளர்ந்தவன். வால் உள்ளவன். முதல் அத்தியாயத்திலேயே புல்மா என்ற பெண்ணின் காரை ஏதோ மிருகம் என்று நினைத்துத் தூக்கிவிடுகிறவன். அவனுக்கு உலகம் தெரியாது, அதனாலேயே பார்க்கிறதெல்லாம் அவனுக்கு ஆச்சரியம். அவனோடு சேர்ந்து நமக்கும் ஆச்சரியம். பெண்ணிடம் பேசத் தயங்கும் பள்ளிப் பையனாக அவனை ஆக்கியதும் அது அத்தனையும் போய்விட்டது. திரைக்கதை தன் உலகத்தைப் பிடிக்கவே இல்லை, திருத்தம் சொல்லியும் கேட்கவில்லை என்று டிராகன் பாலைப் படைத்த தோரியாமா பின்னால் வருத்தப்பட்டார். அந்த ஆத்திரமும் ஒரு காரணமாகத்தான் 2013-ல் பேட்டில் ஆஃப் காட்ஸ் என்ற டிராகன் பால் அனிமேஷன் படத்துக்குத் தானே இறங்கி வேலை செய்தார். எவல்யூஷனுக்கு எழுதிய பென் ராம்சே 2016-ல் ரசிகர்களிடம் மன்னிப்பு கேட்டார். ரசிகனாக இல்லாமல் பெரிய சம்பளத்துக்காகப் போனேன் என்று ஒளிக்காமல் சொன்னார். அந்த மனுஷன் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை.

இத்தனை வருஷம் யோசித்ததில் எனக்குப் பட்டது இதுதான். எடுக்கிறவர்களுக்கு அந்தக் கதையைப் பற்றி உள்ளுக்குள் ஒரு கூச்சம் இருக்கிறது. வீட்டுக்குப் பெரிய மனிதர்கள் வந்தால் சுங்குடிச் சேலை கட்டிய பாட்டியை உள் அறையில் இருக்கச் சொல்வார்களே, அந்த மாதிரி. பெயர் வேண்டும், புகழ் வேண்டும், போஸ்டரில் போட கோக்குவின் சிலிர்த்த முடி வேண்டும். அந்தக் கதைக்கே உரிய விசித்திரம் மட்டும் வெளியே தெரியக் கூடாது.

கோஸ்ட் இன் தி ஷெல்லை எடுத்துக்கொள். 1995-ல் மமோரு ஓஷி எடுத்த அனிமேஷன் படத்தை நாம் எத்தனை முறை பார்த்திருப்போம்! நடுவில் மூன்று நிமிடத்துக்கும் மேல் வசனமே கிடையாது. கால்வாய், படகு, மழை, விளம்பரப் பலகைகள், கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் பொம்மைகள். கென்ஜி கவாயின் இசையில் பெண்கள் குரல் மட்டும் ஏறி இறங்கும். படகில் போகிற நாயகி மேஜர் நிமிர்ந்து பார்த்தால், ஒரு கட்டிடத்தின் ஜன்னலோரம் அவள் முகத்தோடே வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். அவ்வளவுதான், படகு போய்விடும். உடம்பு மொத்தமும் செய்து பொருத்தியது என்றால் "நான்" என்பது எங்கே இருக்கிறது? அந்தக் கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்கவேண்டியதே இல்லை.

2017-ல் ஹாலிவுட் எடுத்தபோது அந்தக் கேள்வி வேறு கேள்வியாகிவிட்டது: "நான் இதற்கு முன்னால் யாராக இருந்தேன்?" இதற்குப் பதில் உண்டு. ஒரு பெயர், ஒரு அம்மா, ஏமாற்றிய ஒரு முதலாளி. நம்மூர்ப் படத்தில் இடைவேளைக்குப் பிறகு வருகிற ஃப்ளாஷ்பேக்தான் அது. ஜப்பானியப் பாத்திரத்தில் ஸ்கார்லெட் ஜோஹான்சனை நடிக்கவைத்ததைப் பற்றிப் பெரிய சண்டை நடந்தது. அதில் தப்பில்லை என்று ஓஷியே சொன்னார், ஆனாலும் ரசிகர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. கடைசியில் அந்த வெள்ளை உடம்புக்குள் இருப்பது மோட்டோகோ குசனாகி என்ற ஜப்பானியப் பெண்ணின் மூளை என்று கதையே சொன்னபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அப்புறம் இன்னொன்று, இது நம் தொழில் சம்பந்தப்பட்டது, உனக்கு விளக்கவேண்டியதில்லை. நொடிக்கு 24 ஃபிரேம். ஒரு படத்தை மூன்று ஃபிரேம் நிறுத்தினால் நொடிக்கு எட்டுப் படம் போதும். டிவி பட்ஜெட்டுக்காக இப்படிச் சிக்கனம் பிடித்தே ஜப்பானியர்கள் ஒரு பாஷையை உண்டாக்கிவிட்டார்கள். எந்தப் படம் எத்தனை ஃபிரேம் என்று குறிக்கிற எக்ஸ்-ஷீட்டில் 'ஹோல்ட்' என்று ஒரு நீளக்கோடு இழுத்திருக்கும். அந்தக் கோடு நெடுக ஒரு முகம் அசையாமல் நிற்கும். கண் சிமிட்டாது, மூச்சுகூட விடாது. வெளியே சில்வண்டு மட்டும் கத்தும். அந்த நேரத்தில் நாம்தான் அந்த முகத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்வோம். நிஜ மனுஷனால் அப்படி நிற்க முடியாது. கேமராவுக்கு முன்னால் நடிகர் சும்மா இருந்தால் இயக்குநருக்குப் பயம் வந்துவிடுகிறது. உடனே வசனம், கட், பின்கதை என்று போட்டு நிரப்புகிறார்.

கவ்பாய் பிபாப் என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடருக்கு நடந்தது அதுதான். ஐந்தாவது எபிசோடில் சர்ச்சின் வண்ணக்கண்ணாடி ஜன்னலை உடைத்துக்கொண்டு நாயகன் ஸ்பைக் கீழே விழுவான். விழுந்துகொண்டே இருப்பான், நடுநடுவே பழைய நினைவுகள் மின்னி மறையும். அவன் காதலித்த ஜூலியா யார், என்ன நடந்தது என்று எதுவும் சொல்லமாட்டார்கள். 26 எபிசோடு முடிகிற நேரத்தில்தான் அவள் நேரில் வருவாள். அவள் இல்லாமல் இருப்பதுதான் அந்தக் கதையின் வலி. 2021-ல் நெட்ஃபிளிக்ஸ் எடுத்ததில் ஜூலியாவுக்கும் ஸ்பைக்கின் எதிரி விஷியஸுக்கும் தனிக் கதை, வீடு, சண்டை எல்லாம் கொடுத்து எபிசோடுக்கு எபிசோடு காட்டினார்கள். ஜான் சோ நன்றாகத்தான் செய்தார். இசை அதே யோகோ கன்னோ. டைட்டிலைக்கூட அப்படியே எடுத்திருந்தார்கள். வந்து மூன்று வாரம் ஆவதற்குள் நிறுத்திவிட்டார்கள். ஆலோசகர் என்று மூலத் தொடரின் இயக்குநர் வத்தனாபே பெயரைப் போட்டிருந்தார்களே, அவரோ முதல் காட்சிக்கு மேல் தன்னால் பார்க்க முடியவில்லை என்று பிறகு சொன்னார்.

கிஷிமோட்டோ சொல்லிவிட்டார் என்று நீ எழுதினாயே, அதற்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. ஆசி வேறு, அதிகாரம் வேறு. பெயரைப் போட்டுக்கொள்வது வேறு, "இது சரியில்லை, திரும்ப எடு" என்று அவர் சொன்னால் எடுப்பது வேறு.

அமெரிக்காவில் எடுத்த டெத் நோட்டைப் பற்றி அதிகம் எழுத மனமில்லை. ஜப்பானிய மூலக்கதையின் நாயகன் லைட் வகுப்பில் முதல் மாணவன், போலீஸ் அதிகாரியின் மகன், பார்க்கிறவர்கள் எல்லோரும் நம்புகிற முகம். அந்த முகத்துக்குப் பின்னால் இருக்கும் கொலைகாரனைப் பார்த்துத்தானே நமக்குக் குலைநடுங்கியது? சியாட்டிலில் அடிவாங்கித் திரிகிற பையனாக அவனை ஆக்கியபிறகு அதில் நடுங்க என்ன இருக்கிறது?

ஆனால் ஒன் பீஸ் என்ற கடற்கொள்ளையர் கதை விஷயத்தில் நான் தோற்றேன், அதைச் சொல்லிவிடுகிறேன். 2023-ல் நிஜ நடிகர்களோடு நெட்ஃபிளிக்ஸில் அது வருவதற்கு முன் உன்னிடம் என்னென்னவோ பேசினேன். சின்னவள் பிடிவாதம் பிடித்ததால் உட்கார்ந்தேன். வாயில் ஒரு வாளைக் கவ்விக்கொண்டு மூன்று வாளோடு சண்டைபோடுகிற ஜோரோ, நத்தைக்குள்ளே பேசுகிற தொலைபேசி, நாயகன் லூஃபியின் ரப்பராக நீளும் கை எல்லாம் அப்படியே இருந்தது. எதற்கும் காரணம் சொல்லிச் சமாளிக்கவில்லை. கேப் டவுனில் கப்பலை நிஜமாகவே கட்டி நிறுத்தியிருந்தார்கள். கதையைப் படைத்த ஓடாவுக்குத் திருப்தியாகும்வரை வெளியிடுவதில்லை என்று நெட்ஃபிளிக்ஸ் ஒப்புக்கொண்டதாக அவரே ரசிகர்களுக்கு எழுதினார். கப்பல் தோழி நாமி உடைந்துபோய் உதவி கேட்கிற இடத்தில் லூஃபி தன் வைக்கோல் தொப்பியைக் கழற்றி அவள் தலையில் வைக்கிறான். அந்தத் தொப்பியை அவன் யாரையும் தொடவிடமாட்டான் என்பது நமக்குத் தெரியும். சின்னவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, மாரி. அங்கே அந்தப் பாட்டியை உள்ளே அனுப்பவில்லை, கூடத்தில் நடுநாயகமாக உட்காரவைத்திருந்தார்கள்.

ஆகவே எதைக் கொடுத்தாலும் பிடிக்காது என்று சொல்லாதே. பிடித்தால் அழுதேவிடுகிற கூட்டம் நாம்.

சரி, நருட்டோவுக்கு வருகிறேன். ஒளிந்து மறைந்து வேலை செய்யவேண்டிய நிஞ்சா, ஊருக்கே தெரிகிற ஆரஞ்சு சட்டையைப் போட்டுக்கொண்டு திரிவான். யாராவது தன்னைத் திரும்பிப் பார்க்கமாட்டார்களா என்று ஏங்குகிற பிள்ளைக்கு வேறு எந்த நிறம் பொருந்தும்? "யதார்த்தமாக இருக்கட்டும்" என்று அதைக் கறுப்பாக்கினால் எனக்கு அங்கேயே படம் முடிந்தது. அப்புறம் அந்த ஊஞ்சல். தேர்ச்சி பெற்ற பிள்ளைகளை அப்பா அம்மாமார்கள் கட்டிக்கொள்வார்கள். இவன் மட்டும் எதிரே மரத்தடி ஊஞ்சலில் நெற்றியில் கண்ணாடியோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். அந்த ஊஞ்சல் ஆடாமல் எத்தனை நொடி நிற்கிறது என்று பார்க்கத்தான் நான் தியேட்டருக்குப் போவேன். முதல் நாளே போவேன், நீயும் வா. பக்கத்தில் உட்கார்ந்து நொடி எண்ணுவோம், பழைய பழக்கம்தானே.

நேற்று சின்னவள் அந்த ஊஞ்சலைத்தான் வரைந்துகொண்டிருந்தாள். கயிறு கோணல், ஆனால் தோள் சரிந்திருப்பதைச் சரியாகப் பிடித்திருக்கிறாள். பொங்கலுக்கு வரும்போது உன் லைட் பாக்ஸையும் அந்தப் பழைய பெக் பாரையும் கொண்டுவா. இரண்டாவது படத்தை எப்படி வரைவது என்று நீயே அவளுக்குச் சொல்லிக்கொடு. நான் சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறாள்.

அம்மா உனக்கு முருங்கைக்காய் எடுத்துவைப்பதாகச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
உன் சேகர்