ஆண்டறிக்கை 2024–2025: சமய உரிமைக்காகப் பேச இளைஞர்களுக்குப் பயிற்சி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், பொதுக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் செயலாளரின் பணிவான வணக்கம்.

சென்ற பொதுக்குழு நிறைவேற்றிய தீர்மானத்தின்படி, குன்னூரில் இயங்கும் நம் சங்கம் இந்த ஆண்டு ஒரே பணியை முதன்மையாக எடுத்துக்கொண்டது. நீலகிரி மாவட்டத்தில் வழக்கறிஞர், ஆசிரியர், செவிலியர், செய்தியாளர், தேயிலைத் தொழிற்சாலை அலுவலர் என்று பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆன இளைஞர்களைத் திரட்டி, எந்தச் சமயத்தவரின் வழிபாட்டு உரிமைக்கு இடையூறு வந்தாலும் சட்டம் அறிந்து அவர்களுக்காகப் பேசவும் எழுதவும் அவர்களைப் பழக்குவதே அந்தப் பணி.

வகுப்புக்கு நேரம் குறிப்பதிலேயே இந்தப் பணியின் தன்மை தெரிந்தது. வெள்ளி நண்பகல் இஸ்லாமியருக்கும், சனிக்கிழமை ஏழாம் நாளை ஓய்வுநாளாகக் கொள்ளும் சபையாருக்கும், ஞாயிறு காலை மற்றக் கிறிஸ்தவர்களுக்கும் இயலாது என்பதால் ஞாயிறு பிற்பகலைத் தேர்ந்தோம். ஜனவரியில் ஹெத்தையம்மன் திருவிழாவுக்காகப் படுகர் உறுப்பினர்கள் ஊருக்குச் செல்வதால் அந்த வாரங்களில் வகுப்பு வைக்கவில்லை.

முதல் வகுப்புகள் அரசியலமைப்பின் 25 முதல் 28 வரையிலான உறுப்புகளைப் பற்றியவை. 25ஆம் உறுப்பு தரும் மனச்சான்றுச் சுதந்திரம் குடிமக்களுக்கு மட்டும் உரியதன்று என்பதும், பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, பொதுச் சுகாதாரம், பிற அடிப்படை உரிமைகள் ஆகியவற்றுக்கு அது உட்பட்டது என்பதும் ஒருசேர மனத்தில் பதிய வேண்டும் என்று வலியுறுத்தினோம். உரிமையை மட்டும் சொல்லி வரம்பை மறைக்கும் மனு அலுவலகத்தின் முதல் மேசையிலேயே நின்றுவிடும். சமயத்தைப் பரப்பும் உரிமையைப் பற்றி 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் விவாதம் நடந்தபோது, சென்னை மாகாணத்திலிருந்து சென்ற டி.டி. கிருஷ்ணமாச்சாரியும் எல். கிருஷ்ணசாமி பாரதியும் அந்த உரிமைக்கு ஆதரவாகப் பேசினார்கள். தம் சமயத்தாரல்லாதவர்களின் கவலையையும் தம் கவலையாகக் கொண்டு தமிழர் இருவர் அந்த அவையில் வாதாடியதை நம் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதே உரிமை பிறரை மதம் மாற்றும் உரிமையாகாது என்று 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் மறைக்காமல் படித்தோம். எங்கள் வகுப்பில் அன்று நடந்த விவாதம் இருட்டும்வரை நீண்டது. ஒருமித்த முடிவு ஏற்படவில்லை, ஏற்பட வேண்டும் என்று எதிர்பார்க்கவும் இல்லை.

இந்தப் பயிற்சியின் அடிப்படை விதியைப் பொதுக்குழுவுக்கு விரிவாகச் சொல்ல வேண்டும். பயிற்சிக்கு வருபவர் எவரும் தம் சமயத்தின் வழக்கை எடுத்துப் பேசக் கூடாது. பிற சமயத்தாரின் வழக்கையே எடுக்க வேண்டும். தன் கோயிலுக்காகவோ தன் பள்ளிவாசலுக்காகவோ தன் சபைக்காகவோ பேசுவதற்கு எவருக்கும் பயிற்சி வேண்டியதில்லை. அந்தப் பேச்சுக்கு அக்கம்பக்கத்தில் மதிப்பும் குறைவு. அடுத்தவரின் வழிபாட்டுக்காக ஒருவர் முன்வந்து பேசும்போதுதான் அதிகாரியும் ஊர்ப் பெரியவர்களும் செவி கொடுக்கிறார்கள்.

இந்த விதிப்படி முதலில் எடுத்த வழக்கு, சென்னையில் ஒரு குடியிருப்போர் நலச் சங்கத்துக்கும் ஒரு கிறிஸ்தவ சபைக்கும் இடையே எழுந்து 2000ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. ஒலிபெருக்கியாலோ முரசொலியாலோ பிறர் அமைதியைக் குலைத்து வழிபட வேண்டும் என்று எந்தச் சமயமும் விதிக்கவில்லை என்றது நீதிமன்றம். சபைக் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் இளைஞரைக் குடியிருப்போர் தரப்பிலும், கோயில் திருவிழாக் குழுவில் பொறுப்பு வகிக்கும் ஒருவரைச் சபையின் தரப்பிலும் வாதிடச் செய்தோம். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குள்ள தடையும், குடியிருப்புப் பகுதிக்கு விதித்த பகல் 55, இரவு 45 டெசிபல் அளவும் எல்லாச் சமயத்துக்கும் பொதுவானவை என்பதை இருவரும் வெவ்வேறு வழியில் நிறுவியது இந்த ஆண்டின் சிறந்த வகுப்பாக அமைந்தது.

ஆசிரியர்களுக்காகக் கேரளத்தின் பிஜோ இம்மானுவேல் வழக்கைத் தேர்ந்தோம். தேசிய கீதம் ஒலிக்கையில் மரியாதையுடன் எழுந்து நின்றும், தம் சமய நம்பிக்கை காரணமாகப் பாடாதிருந்த மூன்று பிள்ளைகள் 1985இல் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1986இல் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கம் செல்லாது என்றது. பாடியே தீர வேண்டும் என்ற கருத்தோடு வகுப்புக்கு வந்த ஓர் ஆசிரியை, தீர்ப்பை முழுவதும் படித்த பிறகு, இத்தகைய பிள்ளை தம் வகுப்பில் இருந்தால் தலைமையாசிரியரிடம் எப்படி எடுத்துரைப்பது என்று ஒரு பக்கக் குறிப்பை எழுதித் தந்தார். அக்குறிப்பு அலுவலகக் கோப்பில் உள்ளது. உறுப்பினர்கள் கேட்டுப் படிக்கலாம்.

நம் மலைக்கு மிக நெருக்கமானது நியம்கிரி வழக்கு. ஒடிசாவின் டோங்ரியா கோந்து மக்கள் தெய்வமாக வழிபடும் மலையில் சுரங்கம் தோண்டும் திட்டத்தில், அவர்களின் சமய உரிமை பாதிக்கப்படுமா என்பதை 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்கீழ் கிராம சபைகளே ஆராய்ந்து முடிவுசெய்ய வேண்டும் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் கூறியது. கூடிய 12 கிராம சபைகளும் சுரங்கத்தை மறுத்தன. நீலகிரியில் இருளரும் குறும்பரும் காட்டுக்குள் வழிபடும் இடங்களையும், தோடர் குடியிருப்புகளான மந்துகளின் கோயில்களையும் நினைக்கையில், கோபுரமோ சிலுவையோ பிறையோ இல்லாத வழிபாட்டிடத்துக்கும் சட்டத்தின் காப்பு உண்டு என்பதை நகரத்தில் வளர்ந்த நம் இளைஞர்கள் பலர் அன்றுதான் உணர்ந்தார்கள். சமய உரிமையென்றால் பெரிய மதங்களுக்கு இடையிலான வழக்கு மட்டுமே என்று எண்ணுவது பெருந்தவறு என்று கருதுகிறேன்.

மனு எழுதும் பயிற்சி தமிழிலேயே நடந்தது. திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்கும் மனு ஒரு பக்கத்துக்குள் இருக்க வேண்டும். நடந்தது, நாள், இடம், கோரிக்கை என்று தெளிவாக இருக்க வேண்டும். எவரையும் பழிக்கும் சொல் ஒன்றும் இடம்பெறக் கூடாது. ஒப்புகைச் சீட்டு பெறாமல் திரும்பக் கூடாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 30 நாளில் பதில் கோரும் முறையையும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு மகளிருக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் கட்டணமின்றி உதவுவதையும் கற்பித்தோம். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்ததால், சமய உணர்வை வேண்டுமென்றே புண்படுத்துவதைத் தண்டிக்கும் பழைய 295ஏ பிரிவு இப்போது 299 ஆகியிருப்பது போன்ற மாற்றங்களைத் தனி அட்டவணையாக அச்சிட்டு வழங்கினோம். வாட்ஸ்அப்பில் கோபத்தைப் பரப்புவது, யாருக்காகப் பேசுகிறோமோ அந்தக் குடும்பத்தையே ஆபத்தில் தள்ளும் என்பதால், சங்கத்தின் பெயரில் எவரும் அவ்வாறு பதிவிடக் கூடாது என்று செயற்குழு கண்டிப்பான விதி வகுத்துள்ளது.

வரவு செலவு விவரம் பொருளாளரின் அறிக்கையில் தனியே வருகிறது.

பணியர், காட்டுநாயக்கர் ஆகிய பழங்குடியினரின் குடியிருப்புகளிலிருந்தும், பந்தலூர்ப் பகுதித் தோட்ட லைன் வீடுகளிலிருந்தும் இந்த ஆண்டு எவரும் சேர இயலவில்லை. படித்துப் பணிக்குச் செல்லும் இளைஞர்கள் அங்கே இருக்கிறார்கள். ஆனால் பிற்பகல் வகுப்பு முடிந்தபின் குன்னூரிலிருந்து அதே இரவில் வீடு திரும்பப் பேருந்து வசதி போதாது. பருவமழைக் காலத்தில் நடுவட்டம் சாலையை நம்பி அவர்களை வரச் சொல்வதும் முறையன்று. ஆகவே வரும் ஆண்டில் கூடலூரில் இரண்டாவது பயிற்சி மையம் தொடங்கவும், இந்த ஆண்டு பயின்றவர்களில் இரு வழக்கறிஞர்களும் ஓர் ஆசிரியையும் அங்கே சென்று கற்பிக்கவும், அவர்களுடைய பயணச் செலவைச் சங்கம் ஏற்கவும் பொதுக்குழு ஒப்புதல் அளிக்க வேண்டுமெனக் கேட்டு, இவ்வறிக்கையை முன்வைக்கிறேன்.

செயலாளர்