தம்பிக்கு, நீ அனுப்பிய அந்தப் பாடத்தைப் பற்றி

அன்புள்ள தம்பி,

நீயும் மருமகளும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ, உனக்குச் சின்ன வயதிலிருந்தே குளிர் முதலில் காதில்தான் பிடிக்கும். அப்பாவின் முழங்கால் பரவாயில்லை, கோயில் படி ஏறிவிடுகிறார், இறங்கத்தான் யோசிக்கிறார். பெரியப்பா வீட்டு விஷயம் அப்படியேதான் கிடக்கிறது, அதில் நீ தலையிட வேண்டாம். அக்காவுக்கு இந்த முறையும் இடமாற்றம் வரவில்லை. மழை விடுகிற மாதிரி இல்லை.

நீ ஏன் பேசுவதில்லை என்று கேட்க இதை எழுதவில்லை. வேலை இருக்கும், எனக்குத் தெரியும். ஆனாலும் உங்கள் கம்பனி பள்ளிப் பிள்ளைகளுக்கு என்று செய்த, நீ படம் வரைந்த அந்த எண்ணெய்ப் பாடத்தைப் பார்த்துவிட்டு "இந்தப் பாடத்துக்கு யார் காசு கொடுக்கிறார்கள்" என்று நான் கேட்ட நாளிலிருந்து நீ அப்பாவின் போனுக்குத்தான் எடுக்கிறாய். போனில் ஆரம்பித்தால் எனக்குக் குரல் உயர்ந்துவிடும், நீயும் "சரிம்மா, வைக்கிறேன்" என்று விடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். கோபப்படாமல் கடைசி வரை வாசி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். படங்கள் அவ்வளவு அழகு. போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். தூங்கி எழும்புகிற அந்தப் பையனின் ஒரு காலில் சொக்ஸ் இருக்கிறது, மற்றக் காலில் அது நூல் நூலாக மறைந்துகொண்டிருக்கிறது, அந்தக் கால் விரல்களை அவன் சுருக்கி வைத்திருக்கிறான். கல்லூரிக்குப் போய்ப் படம் வரையப் படிக்காத பிள்ளை நீ. பக்கத்து வீட்டு டீச்சருக்கும் காட்டினேன், என் மகன் வரைந்தது என்று சொன்னேன். பல் துலக்க பிரஷ் இல்லை, பந்து இல்லை, பஸ்ஸுக்கு டயர் இல்லை, எண்ணெயிலிருந்து வருகிற எல்லாம் ஒரே இரவில் காணாமல் போய்விட்டன. கடைசிப் பக்கத்தில் எண்ணெய்க் கிணறு, பக்கத்தில் மான், மேலே நீல வானம். கீழே ஒரு கேள்வி: "எண்ணெய் இல்லாவிட்டால் உன் நாள் எப்படி இருக்கும்? ஐந்து வசனம் எழுது."

இத்தனை வருஷம் வினாத்தாள் தயாரித்தவள் நான். அந்தக் கேள்விக்கு ஒன்பது வயதுப் பிள்ளை எழுதக்கூடிய பதில் ஒன்றுதான். கஷ்டமாக இருக்கும், எண்ணெய் வேண்டும். வேறு என்ன எழுதுவான்? பிள்ளை யோசிக்கட்டும் என்று வைக்கிற கேள்வி வேறு, இதைத்தான் சொல்ல வேண்டும் என்று வைக்கிற கேள்வி வேறு. இந்த வித்தியாசத்தை நீ என் மேசையிலேயே பார்த்து வளர்ந்தவன்.

இது உங்கள் கம்பனி புதிதாகக் கண்டுபிடித்த கதையும் இல்லை தம்பி. அமெரிக்காவில் ஒக்லஹோமா மாநிலத்தில் 1993இல் ஒக்லஹோமா எனர்ஜி ரிசோர்சஸ் போர்ட் என்று ஒரு சபையை அமைத்தார்கள். அதன் செலவுக்கு எண்ணெய், எரிவாயு உற்பத்தியாளர்கள் பணம் கட்டுகிறார்கள். அங்கிருந்து பாடசாலைகளுக்குப் பாடங்களும் கதைப் புத்தகமும் இலவசமாகப் போகின்றன. அதிலும் ஒரு பையனுக்குக் கனவில் எண்ணெயால் ஆன பொருட்கள் எல்லாம் மறைந்துபோகின்றன. உனக்கு இதைக் கொடுத்து வரையச் சொன்னவர்களுக்கு அது தெரிந்திருக்கும்.

எண்ணெய் இல்லாவிட்டால் கஷ்டம் என்பது பொய் என்று நான் சொல்லவில்லை. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது இங்கே இலங்கையில் எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மண்ணெண்ணெய்க்குக் கேனை வரிசையில் வைத்துவிட்டு அப்பா விடியும்வரை நின்றார், பஸ் ஓடாமல் பள்ளிக்கூடங்களை மூடினார்கள், நீ அனுப்பிய காசில்தான் அந்த மாதங்களைத் தாண்டினோம். அதனால் அந்தப் பையனின் காலைப்பொழுது எனக்கு நன்றாகத் தெரியும். நான் கேட்பது அந்தக் கதையின் மற்றப் பாதியை. எரித்த எண்ணெய் எங்கே போகிறது, வானத்தில் என்ன செய்கிறது, அது ஏன் உன் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை?

நீதானே காட்டுத்தீப் புகையில் ஜன்னல் திறக்க முடியவில்லை என்று போட்டோ அனுப்பினாய். அதில் வானம் செம்மஞ்சள் நிறம். பகல் பன்னிரண்டு மணிக்கு வீதி விளக்கு எரிகிறது. 2016இல் கனடாவில் உன் அல்பர்ட்டா மாகாணத்திலேயே, எண்ணெய் கலந்த மணலைத் தோண்டுகிற ஃபோர்ட் மக்மரியில், 80,000க்கும் மேற்பட்டவர்கள் தீக்குப் பயந்து ஊரை விட்டு ஓடினார்கள். அதைப் பார்த்த கையால் நீல வானம் மட்டும் வரைந்திருக்கிறாய். பேத்திக்கும் அந்தப் புகையில் இருமல் வந்ததே. புகை நாளில் அவளை வெளியே விடாதே, எத்தனை தடவை சொன்னாலும் மறந்துவிடுகிறாய்.

நீ பெருமையோடு சொல்கிற உன் அல்பர்ட்டா கல்வி அமைச்சைப் பற்றியும் வாசித்தேன். 2014இல் பாடத்திட்டத்தைத் திருத்தப் புறப்பட்டபோது சன்கோர், சின்குரூட் மாதிரியான எண்ணெய் மணல் கம்பனிகளைக் கூட்டாளிகளாகச் சேர்த்திருந்தார்கள், அங்கே பெரிய வாக்குவாதமே நடந்திருக்கிறது. அமெரிக்காவில் ஸ்கொலாஸ்டிக் பதிப்பகம் நிலக்கரிக்காரர்களின் அறக்கட்டளைக் காசில் நான்காம் வகுப்புக்கு ஒரு பாடம் செய்தது. நிலக்கரியின் நன்மைகள் எல்லாம் இருந்தன, சுரங்கம் தோண்டுவதால் வரும் கேடும் புகையால் வரும் கேடும் இல்லை. பெற்றோரும் ஆசிரியர்களும் கேள்வி கேட்டார்கள், 2011இல் அதை நிறுத்திக்கொண்டார்கள். கேட்டால் நிற்கும் தம்பி, அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். கேட்காத இடமும் இருக்கிறது. 2006இல் புவி வெப்பமடைவதைப் பற்றிய ஆவணப்படத்தின் 50,000 டிவிடிக்களை இலவசமாகத் தருகிறோம் என்றபோது அமெரிக்க விஞ்ஞான ஆசிரியர் சங்கம் வேண்டாம் என்றது. தங்களுக்கு நன்கொடை தருபவர்கள் விலகிவிடுவார்கள் என்ற பயமும் அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. அந்த நேரம் அவர்களுக்கு உதவி செய்தவர்களில் எக்ஸொன்மோபில் என்ற எண்ணெய்க் கம்பனியும் ஒன்று. ஆசிரியர் சங்கமே! அதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அந்த எக்ஸொனின் சொந்த விஞ்ஞானிகள் 1977லேயே தங்கள் மேலதிகாரிகளிடம் எண்ணெயை எரிப்பதால் புவி சூடாவதைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் அன்று போட்ட கணக்கு பெரும்பாலும் சரியாக இருந்தது என்று 2023இல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. கம்பனிக்குத் தெரிந்திருந்தது. வகுப்பறைக்கு வரவில்லை.

இதை வாசித்தபோது எனக்கு மண்சரிவில் புதைந்த மீரியபெத்தைத் தோட்டம்தான் ஞாபகம் வந்தது. 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்த இடம் ஆபத்து, ஆட்களை அங்கிருந்து அகற்ற வேண்டும் என்று எச்சரித்திருந்தது. அது கடதாசியில் இருந்தது, தோட்டத்து லய வீடுகளில் இருந்தவர்களுக்குப் போக வேறு இடம் கிடைக்கவில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை இறங்கியது. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய பிள்ளைகள் தப்பினார்கள், திரும்பி வந்தபோது வீடு இல்லை. முகாமில் நான் உட்கார வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்த பிள்ளைகளில் ஒருத்தி புத்தகப் பையைத் தோளிலிருந்து கழற்றவே மாட்டாள், சாப்பிடும்போதும் அது முதுகில்தான் இருக்கும். அவளிடம் மிஞ்சியது அதுதான். அந்த மண்சரிவுக்கு எண்ணெய்க் கம்பனி காரணம் என்று நான் சொல்லவில்லை, அதற்கு வேறு காரணங்களும் இருந்தன. தெரிந்தவர்களிடமே நின்றுவிட்ட உண்மை யார் தலையில் விழுகிறது என்பதைத்தான் சொல்கிறேன். இப்போது மழை பெய்கிற விதமே மாறிவிட்டது. ஒரு மாத மழை ஓரிரு நாளில் கொட்டுகிறது, டித்வா புயலில் பார்த்தாயே. எச்சரிக்கை வந்தால் நாங்கள் பையை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போகிறோம், மழை விட்டால் திரும்பி வருகிறோம்.

தாத்தா படித்த தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்குச் சம்பளம் கொடுத்தது தோட்டம். பெயர் எழுதத் தெரிந்தால், கொழுந்து நிறையைப் பார்த்துக் கணக்குச் சொல்லத் தெரிந்தால் போதும் என்று ஐந்தாம் வகுப்போடு நிறுத்தினார்கள், அதற்கு மேல் படித்தால் கூடை தூக்க யார் வருவார்கள்? எழுபதுகளில் அரசாங்கம் அந்தப் பள்ளிக்கூடங்களை எடுக்கத் தொடங்கிய பிறகுதான் என்னைப் போன்றவர்கள் டீச்சராக முடிந்தது, நீ கனடாவுக்குப் போக முடிந்தது. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டார் என்று நாங்களும் மனப்பாடம் செய்தோம். அந்த மலையை வெட்டித் துப்புரவாக்கியவர்கள் யார் என்று எந்த வாத்தியாரும் கேட்கவில்லை. இதையெல்லாம் தாத்தா மடியில் இருந்து கேட்டவன் நீ.

வேலையை விடு என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டுக் கடன் இருக்கிறது, அப்பாவின் மருந்துக்கு நீதான் அனுப்புகிறாய், அதில் நான் எப்படி வாயைத் திறப்பது? ஆனால் இன்னும் ஒரு பக்கம் வரை. ஒரே ஒரு பக்கம். அதே பையன், அதே ஜன்னல், வெளியே நீ பார்த்த செம்மஞ்சள் வானம். கீழே இரண்டாவது கேள்வி: "எண்ணெயை எரித்தால் என்ன ஆகிறது? வேறு எதைக் கொண்டு பஸ் ஓட்டலாம்?" ஐந்து வசனம். பிள்ளைகள் எழுதுவார்கள், நீ பயப்படுகிறதைவிட நன்றாக எழுதுவார்கள்.

அதைக் கொண்டுபோய் உன் மேலாளரிடம் கொடு. ஏற்றுக்கொண்டால் நல்லது. மறுத்தால் என்ன காரணம் சொன்னார் என்று எனக்கு எழுது, அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுது.

அன்புடன்,
அம்மா