பேரனின் பயிற்சி குறித்து ஏற்காட்டிலிருந்து ஒரு கடிதம்

நாகலூர்,
ஏற்காடு.

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. பேரன் ஜபல்பூர் சிக்னல்ஸ் பயிற்சி மையத்தில் அக்னிவீரராகச் சேர்ந்திருக்கிறான் என்பதைப் படித்ததும் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். நாம் ஓடிய மைதானத்தில் அவன் ஓடுகிறான் என்பது எனக்கே பெருமையாக இருக்கிறது. இங்கே காப்பிப் பழம் பறிப்பு முடிந்து மிளகு தொடங்கியிருக்கிறது. கூலிக்கு ஆள் கிடைப்பதுதான் பாடாக இருக்கிறது. என் மனைவிக்குச் சேலத்தில் கண் அறுவை நல்லபடியாக நடந்தது. இப்போது அவளே நாளிதழ் படிக்கிறாள்.

பேரனுக்கு சைபர் பாதுகாப்பு பற்றியும் வகுப்பு எடுக்கிறார்கள் என்று எழுதிவிட்டு, அதன் கீழே இரண்டு கருத்துகளைச் சொல்லியிருந்தீர்கள். இது கணினி படித்த சில நூறு பேர் டெல்லியில் உட்கார்ந்து பார்க்க வேண்டிய வேலை, துப்பாக்கி பிடிக்கும் சிப்பாய்க்கு எதற்கு என்பது ஒன்று. தடையை மீறிப் பென் டிரைவ் செருகியவனையும் கண்ட செயலியைத் திறந்தவனையும் கடுமையாகத் தண்டித்தால் மற்றவர்கள் தாமாகத் திருந்துவார்கள் என்பது இன்னொன்று. இரண்டையும் நான் ஏற்கவில்லை. அதிலும் இரண்டாவதை நீங்கள் பேரனிடம் சொல்லிவிடக்கூடாது என்பதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

2008ஆம் ஆண்டு மேற்கு ஆசியாவில் இருந்த ஓர் அமெரிக்கப் படைத்தளத்தில், ஒரு மடிக்கணினியில் செருகப்பட்ட பென் டிரைவ் வழியாக ஒரு வைரஸ் நுழைந்து, ரகசியத் தகவல்கள் ஓடும் வலையமைப்பு வரை பரவியது. அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் துணைச் செயலாளராக இருந்த வில்லியம் லின் 2010இல் இதை வெளிப்படையாக எழுதினார். அதைத் துடைத்தெடுக்க ஓராண்டுக்கு மேல் ஆயிற்று; அமெரிக்கா தனி சைபர் கட்டளையகம் அமைத்ததற்கு அந்த நிகழ்ச்சி ஒரு முக்கியக் காரணம். அவ்வளவு பெரிய படையில் நிபுணர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வாசல் திறந்தது நிபுணர்களின் அறையில் இல்லை. 2018 ஜனவரியில் நடந்ததற்கோ ஹேக்கரே தேவைப்படவில்லை. ஓட்டப் பயிற்சியைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா என்னும் செயலி, தன் பயனாளர்கள் ஓடிய தடங்களையெல்லாம் உலக வரைபடத்தில் ஒளிக்கோடுகளாக வெளியிட்டிருந்தது. பாலைவனத்தின் நடுவே தனித்து ஒளிர்ந்த வட்டங்கள் படைத்தளங்களின் சுற்றுச்சுவரை ஒட்டி ஓடிய வீரர்களின் தடங்கள் என்பதை ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் அந்த வரைபடத்தைப் பார்த்தே கண்டு சொன்னார்.

நம் நாட்டிலும் 2019 டிசம்பரில் கடற்படை தன் கப்பல்களிலும் தளங்களிலும் ஸ்மார்ட்போனுக்குத் தடை விதித்தது. 2020 ஜூலையில் தரைப்படை 89 செயலிகளை நீக்கச் சொல்லித் தன் வீரர்களுக்கு உத்தரவிட்டது. முப்படைக்கும் பொதுவான பாதுகாப்பு சைபர் முகமை 2019இல் செயல்படத் தொடங்கியது. அம்பேத்கர் பிறந்த மவ் நகரில் உள்ள நம் தொலைத்தொடர்புப் பொறியியல் கல்லூரியில் அதிகாரிகளுக்கு இந்தத் துறையில் நல்ல பயிற்சி நடக்கிறது. அந்த நிபுணர்கள் வேண்டும்தான். ஆனால் எல்லைச் சாவடியில் இரவுக் காவல் முடித்து வந்து, கைப்பேசியில் முன்பின் அறியாத ஒரு பெண்ணின் பெயரில் வந்த நட்பு அழைப்பைப் பார்க்கிற சிப்பாய்க்குப் பக்கத்தில் அவர்களில் ஒருவரும் இருக்கப்போவதில்லை.

இனி உங்கள் இரண்டாவது கருத்து. சேலம் வட்டாரத்தில் குடியிருக்கும் முன்னாள் ஹவில்தார் ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். ஊர் பெயரையும் ஆள் பெயரையும் விட்டுவிடுகிறேன். ஓய்வூதியம் பாதுகாப்புத் துறையின் ஸ்பர்ஷ் என்னும் இணையதளத்துக்கு மாறிய பிறகு, உயிர்ச்சான்று பதிவாகவில்லை, இந்த மாதத்திலிருந்து பென்ஷன் நின்றுவிடும் என்று ஒரு தொலைபேசி அழைப்பு அவருக்கு வந்தது. பேசியவன் நல்ல இந்தியில், அதிகாரிக்குரிய தொனியில், நம் காதுக்குப் பழகிய அதட்டலோடு பேசியிருக்கிறான். நம்மவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றபடி "சார், சார்" என்று சொல்லி ஓடிபி எண்ணை வாசித்துவிட்டார். பணம் போனது தெரிந்ததும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே சொல்லியிருந்தால், பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்குள் பெரும்பகுதியை முடக்கியிருக்க வாய்ப்பு இருந்தது. அவர் மகனிடம்கூடச் சொல்லவில்லை. "சர்வீஸ் செய்தவன் இப்படி ஏமாந்தான் என்று ஊர் பேசுமே" என்று பல நாள்கள் உள்ளுக்குள்ளேயே புழுங்கிவிட்டு, கடைசியில் என்னிடம் வந்தார். அதற்குள் எல்லாம் கைமீறிப் போயிருந்தது.

அவர் கோழையும் இல்லை, முட்டாளும் இல்லை. அவருக்கு நாம் கொடுத்த பயிற்சியில் இரண்டு குறைகள் இருந்தன என்று நினைக்கிறேன். உத்தரவுத் தொனியில் ஒரு குரல் வந்தால் கேள்வி கேட்காமல் பணிய வேண்டும் என்று பழக்கினோம். தவறு நேர்ந்தால் அதைச் சொல்கிறவனுக்கு அவமானம்தான் மிஞ்சும் என்பதையும் சேர்த்தே கற்றுக்கொடுத்துவிட்டோம். படைக்குள் இருப்பவனுக்கும் இதே நிலைதான். தவறான இணைப்பை அழுத்திவிட்டோம் என்று அந்தக் கணத்தில் அறிந்தவன் அந்தச் சிப்பாய் ஒருவன் மட்டுமே. மாசி, பங்குனியில் சேர்வராயன் மலைச் சரிவில் சருகு பற்றிக்கொள்ளும்போது, அதை முதலில் அறிந்தவன் பெரும்பாலும் பீடித்துண்டை எறிந்தவன்தான். அவன் வனக்காவலருக்குப் பயந்து ஓடிவிட்டால், புகை சேலத்துக்குத் தெரியும்போது மலையின் ஒரு பக்கம் கருகியிருக்கும். தண்டனைக்கு அஞ்சிக் கணினியை அணைத்து வைத்துவிட்டு வாயை மூடிக்கொள்கிற சிப்பாயால், எதிரிக்கு வாரக்கணக்கில் அவகாசம் கிடைக்கிறது.

பணத்துக்காக ரகசியம் விற்றவனுக்கு இரக்கம் காட்டச் சொல்லவில்லை. தெரிந்தே விதி மீறியவனுக்கும் உரியது கிடைக்கட்டும். ஆனால் ஏமாந்தவன் அரை மணி நேரத்தில் வந்து சொன்னால் அவன் மேல் நடவடிக்கை இல்லை, மறைத்தவன் மேல்தான் நடவடிக்கை என்ற வேறுபாடு எழுத்தில் இருக்க வேண்டும். அதைக் கமாண்டிங் ஆபீசர் தம் வாயால், வீரர்கள் எல்லோரும் கூடும் சைனிக் சம்மேளனத்தில், எல்லோர் முன்னிலும் சொல்ல வேண்டும். சுவரொட்டியில் அச்சடித்தால் யாரும் நம்பமாட்டார்கள். சொன்னபடி முதல் ஆளை அவர் மரியாதையோடு நடத்திக் காட்டினால்தான் இரண்டாவது ஆள் வருவான். நிறுவனங்களுக்கும் இதே தயக்கம் உண்டு. 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையம் பற்றிச் செய்தி கசிந்தபோது முதலில் மறுப்புதான் வந்தது. மறுநாள் அணுமின் கழகம், நிர்வாகப் பணிக்கான வலையமைப்பில் இருந்த ஒரு கணினியில் வைரஸ் இருந்தது உண்மை என்றும், உலையின் கட்டுப்பாட்டு அமைப்பு தனியாக இருப்பதால் அதற்குப் பாதிப்பில்லை என்றும் ஒப்புக்கொண்டது. அந்த இரண்டாம் அறிக்கையை முதல் நாளே கொடுத்திருந்தால், கடலோரக் கிராமங்களில் அவ்வளவு கலக்கம் பரவியிருக்காது.

பணிதலைப் பற்றிச் சொன்னேனே, அதற்கு விடை நம்மிடமே இருந்தது, நண்பரே. வயர்லெஸ் செட்டில் நாம் கற்ற முதல் பாடத்தை நினைத்துப் பாருங்கள். பிரிகேடியரின் குரலே வந்தாலும், ஐயம் வந்தால் அடையாளக் கேள்வி கேட்டு, அன்றைய அட்டவணைப்படி சரியான விடை வந்த பிறகுதான் செய்தியை ஏற்போம். எந்த பிரிகேடியரும் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. கேட்காமல் விட்ட ஆபரேட்டர்தான் திட்டு வாங்கினான். பெரியவரைச் சரிபார்ப்பது அவமரியாதை ஆகாது என்பதை அன்றைக்குப் படை முழுவதும் ஒப்புக்கொண்டிருந்தது. இப்போது வாட்ஸ்அப்பில் கமாண்டிங் ஆபீசரின் படத்தை வைத்துக்கொண்டு யாரோ ஒருவன் "அவசரம், உடனே பட்டியலை அனுப்பு" என்று கேட்டால், அந்தக் கேள்வியைத் திருப்பிக் கேட்கிற துணிவு ஒரு கிளார்க்குக்கு இருக்கிறதா? செயற்கை நுண்ணறிவு ஒருவரின் குரலையே அச்சாகப் பேசிக்காட்டும் இந்தக் காலத்தில், குரலும் படமும் சான்றாகா. வேறு வழியில் அவரையே அழைத்து, "சார், இதைக் கேட்டது நீங்கள்தானா?" என்று உறுதி செய்துகொள்வதை அணிவகுப்பைப் போல, உடம்பில் ஊறும் வரை பயிற்றுவிக்க வேண்டும். உயர் அதிகாரியே அவ்வப்போது பொய்ச்செய்தி அனுப்பிச் சோதித்து, சரிபார்த்தவனை எல்லோர் முன்னிலும் பாராட்ட வேண்டும்.

அதேபோல் லாக் புத்தகம். ஒவ்வொரு செய்திக்கும் நேரம் குறித்து வைத்தோம். 1986இல் கலிபோர்னியாவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் கணினிப் பயன்பாட்டுக் கணக்கில் 75 சென்ட் உதைத்தது. கிளிஃபோர்ட் ஸ்டோல் என்ற வானியல் அறிஞர் அதை அற்பம் என்று விடாமல் குறிப்பேடு வைத்துப் பல மாதங்கள் பின்தொடர்ந்ததால், அமெரிக்க ராணுவக் கணினிகளில் நுழைந்து சோவியத் உளவுத்துறைக்குத் தகவல் விற்ற ஜெர்மானியர் ஒருவர் பிடிபட்டார். இந்தக் கதையைப் பேரனுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். கையில் பேனா உள்ள எந்தச் சிப்பாயாலும் செய்யக்கூடிய காரியம் அது.

நிபுணர்களின் பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு எஸ்டோனியாவைத்தான் சுட்டுவேன். 2007இல் அந்தச் சிறிய நாட்டின் வங்கிகள், செய்தித்தாள்கள், அரசுத் தளங்கள் எல்லாம் வாரக்கணக்கில் தாக்கப்பட்டன. அடுத்த ஆண்டே நேட்டோவின் சைபர் தற்காப்பு மையம் அதன் தலைநகர் தாலினில் அமைந்தது. 2010 முதல் ஆண்டுதோறும் அங்கே ஒரு பெரும் பயிற்சி நடக்கிறது. பெரிலியா என்ற கற்பனைத் தீவு நாட்டின் மின்சாரம், நீர், படைத் தொடர்பு ஆகியவற்றை ஒவ்வொரு நாட்டு அணியும் காக்க வேண்டும். தேர்ந்த தாக்குதல் அணி இடைவிடாமல் அடித்துக்கொண்டே இருக்கும். என்னைக் கவர்ந்தது என்னவென்றால், கணினியைக் காத்தால் மட்டும் மதிப்பெண் கிடைத்துவிடாது. மேலிடத்துக்கு அறிக்கை எழுதுவது, சட்டக் கேள்விக்கு விடை சொல்வது, செய்தியாளருக்குப் பதில் தருவது எல்லாம் கணக்கில் வரும். நெருக்கடியில் தெளிவாக அறிக்கை தரத் தெரியாத நிபுணனால் தளபதிக்கு என்ன பயன்?

யார் தாக்கினார்கள் என்று அவசரப்பட்டு முடிவு கட்டாமல் இருக்கவும் பழக்க வேண்டும். 1998 பிப்ரவரியில், ஈராக்கோடு பதற்றம் உச்சத்தில் இருந்த நேரத்தில் அமெரிக்கப் படைக் கணினிகளுக்குள் யாரோ நுழைந்தார்கள். ஈராக்கின் கைவேலை என்றே பலர் கருதினார்கள். கடைசியில் பிடிபட்டவர்கள் கலிபோர்னியாவைச் சேர்ந்த இரண்டு பள்ளிச் சிறுவர்களும் ஓர் இஸ்ரேலிய இளைஞனும்.

வலையமைப்பு இல்லாமல் வேலை பார்ப்பதும் இந்தப் பாடத்தின் ஒரு பகுதிதான். 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் மின் விநியோகக் கட்டுப்பாட்டு அறைகளை ஹேக்கர்கள் கைப்பற்றியதால், ஏறத்தாழ 2,25,000 இணைப்புகளில் மின்சாரம் போயிற்று. ஊழியர்கள் வண்டியேறி துணைமின் நிலையங்களுக்கே போய்க் கையால் சுவிட்சுகளைப் போட்டுச் சில மணி நேரத்தில் மின்சாரத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அமெரிக்கக் கடற்படைக் கல்விக்கூடம் ஒரு காலத்தில் கைவிட்டிருந்த நட்சத்திரம் பார்த்துக் கப்பல் செலுத்தும் பாடத்தை அதே 2015இல் மீண்டும் தொடங்கியது. நாம் கற்ற ஃபீல்டு டெலிபோனும், காகித வரைபடமும், மோட்டார் சைக்கிளில் கடிதப்பை சுமந்த டெஸ்பாட்ச் ரைடரும் பழங்கதையாகிவிடவில்லை என்று பேரனிடம் தைரியமாகச் சொல்லலாம்.

ஒரே ஒரு கவலை எனக்குத் தீரவில்லை. ஒருவனுக்கு ஆண்டுக்கணக்கில் இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, போஸ்டிங் முறை வந்ததும் வேறு வேலைக்கு அனுப்பிவிடுகிறோம். அக்னிவீரர்களிலோ நான்கு ஆண்டு முடிவில் 25 விழுக்காட்டுக்கு மேல் படையில் நிலைக்க வழியில்லை. இந்தத் துறையில் தேறியவனை அதே நாற்காலியில் வைத்துப் பதவி உயர்வு தருகிற ஏற்பாடு வேண்டும். வெளியே வருகிறவனையும் இழக்கத் தேவையில்லை. எஸ்டோனியாவில் வங்கியிலும் நிறுவனத்திலும் வேலை பார்க்கிறவர்கள் தன்னார்வப் படையின் சைபர் பிரிவில் ஓய்வு நேரத்தில் பயிற்சி எடுக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் நம் சேலமும் ஒன்று. லேத் பட்டறை வைத்திருப்பவருக்கு நாளை பாதுகாப்புத் துறையின் வரைபடம் மின்னஞ்சலில் வந்தால், அதைக் காக்கத் தெரிந்த ஆள் அவர் பட்டறையில் வேண்டும். உங்கள் பேரனைப் போன்றவர்களே அதற்குப் பொருத்தமானவர்கள்.

சேலத்தில் ஒரு கல்லூரியில் என்.சி.சி. மாணவர்களிடம் இதுபற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். அடையாளக் கேள்விப் பயிற்சியை மேடையிலேயே நடத்திக் காட்டலாம் என்றிருக்கிறேன்: நான் அதிகாரியாக அதட்டுவேன், ஒரு மாணவர் என்னை மறுத்துக் கேட்க வேண்டும். அதற்கு முன் அதை மாணவர்களுக்குச் செய்து காட்ட, எதிர்முனையில் ஆபரேட்டராக இருக்க உங்களைவிடப் பொருத்தமானவர் யாரும் இல்லை. பங்குனி முதல் வாரத்தில் இருவரும் புறப்பட்டு வாருங்கள். பேரனுக்கு அப்போது விடுப்பு கிடைத்தால் அவனையும் அழைத்து வாருங்கள். சேலம் ஜங்ஷனுக்குத் தம்பி மகன் வண்டியோடு வந்து நிற்பான். எந்த ரயில் என்று மட்டும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

உங்கள் அன்பு நண்பன்